சாலைக்கும் மண் ரோட்டுக்கும் ஒரே ஹெல்மெட்: வடசென்னையில் வண்டி ஓட்டுபவர்களுக்கான முழு வழிகாட்டி

திங்கள் முதல் சனி வரை எனக்கு எண்ணூர் விரைவுச் சாலைதான். காலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, மாலையில் அதே லாரிகள் கிளப்பும் தூசியில். ஞாயிறு வந்தால் மீஞ்சூர், பொன்னேரி தாண்டி பழவேற்காட்டு ஏரிக்கரை மண். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தால் ஆந்திர எல்லை தாண்டி நாகலாபுரம் மலையடிவாரம். திருவொற்றியூரில் 1950-களிலேயே என்ஃபீல்டு தொழிற்சாலை வந்துவிட்டதால் இந்தப் பக்கம் வண்டி மோகம் புதிதல்ல. ஆனால் 2016-இல் என்ஃபீல்டின் ஹிமாலயன், 2019-இல் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 வந்த பிறகு, ஒரே வண்டியில் ஆபீசுக்கும் போய் மண்ணிலும் இறங்குபவர்கள் நம் தெருக்களில் நிறையப் பேர். வண்டி இரண்டுக்கும் ஒத்து வருகிறது. ஹெல்மெட்?

நான் முதலில் வாங்கியது முழு மோட்டோகிராஸ் ஹெல்மெட். நீண்ட தாடை, தொப்பி விளிம்பு போல முன்னால் நீட்டிய பீக், முகத்தில் கண்ணாடியே இல்லை, தனியாக காகிள்ஸ் மாட்ட வேண்டும். மண்ணில் அருமையாக இருந்தது. ஐப்பசி மழையில் அதோடு தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை ஓட்டிய அன்று, மூக்கிலும் வாயிலும் லாரி டயர் தெறித்த சேற்றுத் தண்ணீர்; கடற்காற்று பீக்கைப் பிடித்து கழுத்தைத் திருப்பியது. அடுத்த மாதமே வேறு வாங்கினேன். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

படி 1: உங்கள் வாரத்தைக் கணக்கு போடுங்கள்

ஒரு வாரத்தில் எத்தனை கிலோமீட்டர் தார் ரோடு, எத்தனை கிலோமீட்டர் மண் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மண்ணுக்குப் போகும் வழியும் தார் ரோடுதான் என்பதை மறக்காதீர்கள். பழவேற்காடு போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் சாலையில் ஓட்டித்தான் ஏரிக்கரையைத் தொடுகிறோம். நம்மில் பெரும்பாலோருக்குப் பத்தில் ஒன்பது பங்கு தார் ரோடாகத்தான் வரும்.

அப்படி வந்தால் உங்களுக்குத் தேவை, மண்ணையும் தாங்கும் ஒரு சாலை ஹெல்மெட். மண்ணுக்கென்றே செய்த ஹெல்மெட்டைச் சாலையில் சகித்துக்கொள்வது அல்ல. கடைக்குள் நுழைந்ததும் நீண்ட பீக்கும் வண்ண வண்ணக் கோடுகளும் கண்ணைப் பறிக்கும். அப்போது அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.

வகைகள் என்று பார்த்தால் நான்கு. சாலைக்கான முழு முக ஹெல்மெட்: சத்தம் குறைவு, மழை உள்ளே வராது, ஆனால் மண்ணில் மெதுவாக, முதல் கியரில் தள்ளாடும்போது மூச்சு முட்டும். மோட்டோகிராஸ்: மேலே சொன்னது. இரண்டுக்கும் நடுவே டூயல் ஸ்போர்ட் அல்லது அட்வென்சர் என்று விற்கும் வகை: முகத்தை மூடும் கண்ணாடியான வைசரும் உண்டு, பீக்கும் உண்டு, தாடைப் பகுதி சற்று முன்தள்ளி இருப்பதால் மூச்சுவிட இடம் உண்டு. நான்காவது, தாடையை மேலே தூக்கும் மாடுலர்; டீ குடிக்க வசதி, ஆனால் எடையும் மூட்டுகளும் அதிகம், மண் புகுந்தால் அந்த மூட்டு சிக்கிக்கொள்ளும். இந்த வழிகாட்டி மூன்றாவது வகையைப் பற்றியது. முகம் திறந்த அரை ஹெல்மெட்டை நான் வகையிலேயே சேர்க்கவில்லை. மண்ணில் விழுந்தால் முதலில் தரையைத் தொடுவது பல நேரம் தாடைதான்.

படி 2: தலையை அளந்த பிறகே கடைக்குப் போங்கள்

தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப் போதும். புருவத்துக்கு மேல் சுமார் ஓர் அங்குலத்தில் தொடங்கி, காதுகளுக்கு மேலாக, பின்மண்டையில் அதிகம் புடைத்த இடத்தைச் சுற்றி எடுங்கள். மூன்று முறை அளந்து, பெரிய அளவை வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 55-56 செ.மீ. என்றால் ஸ்மால், 57-58 என்றால் மீடியம், 59-60 என்றால் லார்ஜ். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அந்தந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அளவு மட்டும் போதாது, வடிவமும் உண்டு. மேலிருந்து பார்த்தால் சிலர் தலை முட்டை போல நீளம், சிலருடையது வட்டம், பெரும்பாலோர் நடுத்தரம். வீட்டில் யாரையாவது நேர் மேலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். நீள் தலைக்காரர் வட்டமான ஹெல்மெட் போட்டால் நெற்றியில் மட்டும் குத்தும், பக்கவாட்டில் ஆடும். வட்டத் தலைக்காரருக்கு நீள ஹெல்மெட் நெற்றிப்பொட்டுகளை நெருக்கி அரை மணி நேரத்தில் தலைவலி கொடுக்கும். இரண்டு பேரும் "சைஸ் சரியில்லை" என்று பெரிய அளவுக்கு மாறுவார்கள். மாற்ற வேண்டியது மாடலை.

முடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொண்டை போட்டு ஹெல்மெட் மாட்டினால் அது மேலேறி நின்று நெற்றி வெளியே தெரியும். பின்னலைக் கழுத்துக்குக் கீழே இறங்கும்படி தளர்வாகப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். வியர்வைக்காகத் தலையில் கர்ச்சீப் கட்டும் பழக்கம் இருந்தால், கடையிலும் அதைக் கட்டிக்கொண்டே போட்டுப் பாருங்கள். ஒரு நாள் கட்டி ஒரு நாள் கட்டாமல் ஓட்டினால் பிடிப்பு மாறிவிடும்.

படி 3: முத்திரையைப் படியுங்கள்

இந்தியாவில் இருசக்கர வண்டி ஹெல்மெட்டுக்கான தரம் ஐஎஸ் 4151. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டைச் செய்வதும், இறக்குமதி செய்வதும், விற்பதும் 2021 ஜூன் 1 முதல் சட்டவிரோதம். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்ற எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால், அது எந்தத் தொழிற்சாலைக்குக் கொடுக்கப்பட்டது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று காட்டும். கடையில் நின்றபடியே செய்யலாம், ஒரு நிமிட வேலை. மேம்பாலத்துக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் முந்நூறு ரூபாய் ஹெல்மெட்டில் இதைச் செய்து பார்த்தால், அதை ஏன் வாங்கக் கூடாது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. ஹெல்மெட் போடாமல் பிடிபட்டால் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் ஆயிரம் ரூபாய் அபராதம். அந்த ஆயிரத்துக்குப் பயந்து முந்நூறுக்கு ஒன்று வாங்கி மாட்டுவது தலைக்கு எதுவும் செய்வதில்லை.

ஐஎஸ்ஐ அடிப்படை. அதற்கு மேல் ஈசிஇ 22.06 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருந்தால் நான் கூடுதல் பணம் கொடுக்கத் தயார். பழைய 22.05-இல் தலைப்பகுதிக்கான மோதல் சோதனையை நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் மட்டும் செய்தார்கள். புதியதில் நொடிக்கு 8.2 மீட்டரிலும் மோதிப் பார்க்கிறார்கள், குறைந்த வேகமான 6 மீட்டரிலும் பார்க்கிறார்கள். வேகமாக விழுவதைத் தாங்கும் கெட்டியான உள்பகுதி, மெதுவாக விழும்போது அமுங்காமல் அதிர்ச்சியை அப்படியே தலைக்குக் கொடுத்துவிடலாம் என்பதால் இது முக்கியம். மண்ணில் நாம் விழுவது பெரும்பாலும் அந்தக் குறைந்த வேகத்தில்தானே. சாய்வாக மோதினால் தலை எவ்வளவு சுழல்கிறது என்றும் 22.06 பார்க்கிறது.

ஈசிஇ அடையாளம் தாடைப் பட்டையில் தைத்த சிறு துணியில் இருக்கும். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும், பக்கத்தில் அனுமதி கொடுத்த நாட்டின் எண்ணும் இருக்கும். 1 ஜெர்மனி, 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 9 ஸ்பெயின். அதே துணியில் பி (P) என்ற எழுத்து இருந்தால் தாடைப் பகுதி சோதிக்கப்பட்டது, பாதுகாப்புத் தரும் என்று பொருள். என்பி (NP) என்று இருந்தால் தாடைப் பகுதி இருந்தும் பாதுகாப்புக்குக் கணக்கில்லை. மண்ணில் இறங்குபவர் என்பி போட்டதை வாங்கவே கூடாது.

டாட் என்ற அமெரிக்க முத்திரையும் பல ஹெல்மெட்டுகளின் பின்புறம் ஒட்டியிருக்கும். அது கம்பெனி தானே சோதித்துத் தானே ஒட்டிக்கொள்ளும் முறை. நல்ல கம்பெனி ஒட்டியிருந்தால் நல்லது. அது மட்டுமே இருந்தால் நம்பி வாங்க முடியாது.

படி 4: கடையில் இருபது நிமிடம்

பாட்டர்ஸ் ரோட்டுக் கடைகளாக இருந்தாலும் சரி, பக்கத்துத் தெருக் கடையாக இருந்தாலும் சரி, அவசரம் வேண்டாம். சனிக்கிழமை மாலை கூட்டத்தில் போகாமல் வாரநாள் மதியம் போங்கள்.

இரண்டு பட்டைகளையும் பிடித்து வெளிப்புறமாக விரித்து, தலையில் இறக்குங்கள். புது ஹெல்மெட் இறங்கும்போது காதை மடித்துக்கொண்டு சிரமமாகத்தான் இறங்கும். இறங்கியதும் கன்னம் இரண்டும் சற்று உப்பி, உதடு கொஞ்சம் குவிய வேண்டும். இந்த இடத்தில்தான் கடைக்காரர் சொல்வார்: "இன்னா தம்பி, இவ்ளோ டைட்டா எடுக்கற? லூசா இருந்தாத்தான் காத்து வரும்." அவர் நல்ல மனதோடுதான் சொல்வார், ஆனால் கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் பேட் சில வாரங்களில் அமுங்கும். இன்று சரியாக இருப்பது மூன்று மாதத்தில் ஆடும். இன்று லூசாக இருப்பது அன்று தலையில் இருந்தும் இல்லாததுதான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஹெல்மெட் வேலை செய்யும் விதம் அப்படி. வெளி ஓட்டுக்கு உள்ளே தெர்மாகோல் போன்ற ஒரு தடித்த அடுக்கு உண்டு. தலை மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்கும் அந்தச் சில சென்டிமீட்டரில்தான் தலையின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. தலைக்கும் அதற்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஹெல்மெட் முதலில் நின்றுவிடும், தலை இன்னும் போய்க்கொண்டே இருக்கும்.

போட்டபின் நான்கு சோதனைகள்:

1. இரண்டு கையால் ஹெல்மெட்டைப் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். நெற்றித் தோலும் கன்னமும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் சுற்றினால் ஒரு அளவு கீழே இறங்குங்கள்.
2. பட்டையை இறுக்குங்கள். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல்தான் நுழைய வேண்டும். இப்போது யாரையாவது பின்கழுத்துப் பக்கத்து விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டித் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அந்த மாடல் உங்களுக்கு இல்லை.
3. கழற்றாமல் கால் மணி நேரம் இருங்கள். போன் பாருங்கள், டீ சொல்லுங்கள். கழற்றிய பிறகு நெற்றியில் ஒரே இடத்தில் அழுத்தமான சிவப்புத் தடம், அங்கே வலி என்றால் வடிவம் பொருந்தவில்லை.
4. மூக்குக் கண்ணாடி போடுபவர் அதையும், காகிள்ஸ் வாங்கும் எண்ணம் இருப்பவர் அதையும் போட்டுப் பாருங்கள். கண்ணாடிக் காம்பு நேராக நுழைய வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்று எனக்குப் பழக்கம். கடைக்காரர் விட்டால் ஹெல்மெட்டோடு வண்டியில் உட்கார்ந்து, ஸ்டாண்டு போட்டபடியே எழுந்து நின்று பார்ப்பேன். மண்ணில் ஃபுட்ரெஸ்ட்டில் நின்று ஓட்டும்போது தலை சற்று முன்னே குனியும். பீக் பார்வையை மறைக்கிறதா, பின்விளிம்பு கழுத்தில் இடிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

படி 5: பீக்கும் காற்றும்

இரண்டுக்கும் சேர்த்து வாங்கும்போது அதிகம் யோசிக்க வேண்டியது இதுதான். பீக் எதற்கு? முன்னால் போகும் வண்டி வாரியடிக்கும் கல்லும் மண்ணும் முகத்தில் விழாமல் தலையைக் குனிந்து தடுக்க. தாழ்ந்த வெயிலை மறைக்க. மாலையில் மணலியிலிருந்து மாதவரம் நோக்கி வந்து பாருங்கள், சூரியன் நேரே கண்ணுக்குள் இறங்கும். அங்கே பீக் சாலையிலும் உதவுகிறது.

ஆனால் அதே பீக் வேகத்தில் பாய்மரம் ஆகிவிடும். நேராகப் பார்த்து ஓட்டும்போது தெரியாது. ஜிஎன்டி சாலையில் எண்பதில் போகும்போது பின்னால் வண்டி வருகிறதா என்று தலையைத் திருப்புங்கள், காற்று அதைப் பிடித்து இழுக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று பக்கவாட்டில் வீசும். ட்ரெய்லர் ஒன்றை முந்தும்போது அந்தக் காற்று சட்டென்று நின்று, அதைத் தாண்டியதும் ஒரே அறையாக வந்து விழும். அந்த நொடியில் கழுத்து திரும்புவதும் ஹேண்டில் அசைவதும் ஒன்றாக நடந்தால் ஆபத்து.

ஆகவே பீக்கில் மூன்று விஷயம் பாருங்கள். காற்று கடந்து போக அதில் துளைகள் வெட்டியிருக்க வேண்டும். நாணயத்தாலோ கையாலோ திருகிக் கழற்ற வர வேண்டும். கழற்றினால் அந்த ஓட்டையை மூட மூடி தந்திருக்க வேண்டும். வாரநாட்களில் நான் பீக் இல்லாமல்தான் ஓட்டுகிறேன். சனி இரவு மாட்டுவேன். ஒன்று ஞாபகம் வையுங்கள்: சில மாடல்களில் பீக்கைப் பிடித்திருக்கும் அதே திருகுதான் வைசரையும் பிடித்திருக்கும். கழற்றிய பின் வைசர் உறுதியாக நிற்கிறதா என்று கடையிலேயே செய்து பாருங்கள்.

நம் ஊருக்கு இன்னொன்று. உப்புக்காற்று. காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பவர்கள் திருகுகள் இரும்பா, பிளாஸ்டிக்கா, துருப்பிடிக்காத எஃகா என்று கேளுங்கள். துருவேறி இறுகிய திருகைத் திருகப் போய் ஹெல்மெட் ஓட்டில் கீறல் விழுந்ததுதான் மிச்சம் என்று ஆகக் கூடாது.

படி 6: வைசர்

சாம்பல் தூசி, நிலக்கரித் தூசி, சிமென்ட், மணல். எல்லாமும் வைசரில் வந்து உட்காரும். அதைக் கையால் உலர்வாகத் துடைத்தால் ஒரே மாதத்தில் கோடு கோடாகி, இரவில் எதிரே வரும் லாரி விளக்கு ஆயிரமாகச் சிதறும். கீறல் தடுக்கும் பூச்சு உள்ளதை வாங்குங்கள். மாற்று வைசர் தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று ஹெல்மெட் வாங்கும் முன்பே கேளுங்கள். வைசர் கிடைக்காத ஹெல்மெட், அடுத்த மழைக்காலத்தில் வீண்.

கறுப்பு வைசர் வேண்டாம், தெளிவானதே போதும். வெயிலுக்கு உள்ளே இறங்கும் சிறு கண்ணாடி உள்ள மாடல்கள் உண்டு. வசதிதான், ஆனால் அந்தப் பள்ளத்தில் மண் புகுந்தால் அதுவும் கீறும். மூச்சின் ஆவி படியாமல் இருக்க பின்லாக் என்ற உள் கண்ணாடி மாட்ட, வைசரின் இரு ஓரத்திலும் சிறு குமிழ்கள் இருக்கும். நவம்பர் மழையில் அதன் அருமை தெரியும்.

வைசரைக் கழற்றிவிட்டு காகிள்ஸ் மாட்டி ஓட்ட முடிகிற மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். பழவேற்காட்டு மணலில் மெதுவாக ஊர்ந்து வியர்த்துக் கொட்டும்போது, வைசரைத் திறந்து வைத்தால் மண் கண்ணில் விழுகிறது, மூடினால் மூச்சு திணறுகிறது. காகிள்ஸ் இரண்டையும் தீர்க்கும்.

படி 7: மற்றவை

எடை: பிளாஸ்டிக் வகை ஓடுள்ள டூயல் ஸ்போர்ட் பெரும்பாலும் ஒன்றரை கிலோவை ஒட்டி இருக்கும். கண்ணாடியிழை, கார்பன் ஓடுகள் விலை அதிகம். நூறு கிராமுக்காகப் பல ஆயிரம் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தில் கையுறையும் பூட்ஸும் வாங்கலாம் என்பது என் கருத்து.

பட்டை: இரட்டை வளையம் நம்பகமானது, தானாகத் தளராது. பல்சக்கரப் பக்கிள் சிக்னலில் சட்டென்று கழற்ற வசதி. இரண்டும் சரி, மாட்டாமல் விடுவது மட்டும் சரியல்ல.

உள் துணி முழுவதும் கழற்றித் துவைக்க வர வேண்டும். நம் வியர்வைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் அது இல்லாமல் முடியாது. தாடையில் ஒன்று, நெற்றியில் ஒன்று, பின்னால் காற்று வெளியேற ஒன்று என்று காற்று வழிகள் இருக்கட்டும். முன்னால் இருப்பவற்றை மூடித் திறக்க முடிய வேண்டும், இல்லையென்றால் மழை உள்ளே ஒழுகும்.

பிராண்டு கேட்பவர்களுக்கு: வேகா, ஸ்டட்ஸ், ஸ்டட்ஸின் எஸ்எம்கே, ஆக்ஸர், எல்எஸ்2, எம்டி எல்லாவற்றிலும் இந்த வகை மாடல்கள் உண்டு. எது சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் தலைக்கு எது பொருந்துகிறதோ அது. நண்பரின் ஹெல்மெட் அவருக்குப் பிரமாதமாக இருப்பது உங்களுக்கு எந்தத் தகவலும் தருவதில்லை.

பழைய ஹெல்மெட்டை மட்டும் வாங்காதீர்கள். புதுப்பேட்டையில் வண்டிக்கு எந்தப் பாகத்தையும் பழையதாக வாங்கலாம், நானும் வாங்கியிருக்கிறேன். ஹெல்மெட் அப்படி இல்லை. ஒருமுறை நசுங்கிய உள் அடுக்கு திரும்ப எழாது, வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

படி 8: வாங்கிய பிறகு

தூசியான வைசரில் நனைத்த மென்துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியபின் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். குழந்தைக்குப் போடும் ஷாம்பு போதும். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் ஓட்டில் படக்கூடாது. பிளாஸ்டிக் ஓடு உள்ளுக்குள்ளேயே பலமிழக்கும். மண்ணிலிருந்து வந்த அன்றே உள் துணியைக் கழற்றி அலசி, வெயிலில் அல்லாமல் நிழலில் உலர்த்துங்கள். ஹெல்மெட்டை வண்டியின் பக்கக் கண்ணாடிக் காம்பில் மாட்டித் தொங்கவிட வேண்டாம், காம்பின் முனை உள் அடுக்கில் குழி போட்டுவிடும்.

சும்மா டேங்கிலிருந்து உருண்டு விழுந்தால் பதற வேண்டாம், தலை உள்ளே இல்லாதபோது அடி சிறிது. ஆனால் தலையோடு விழுந்தால், அது பழவேற்காட்டு மணலில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் விழுந்ததாக இருந்தாலும், தலை இடித்திருந்தால் மாற்றுங்கள். விழவே இல்லை என்றாலும் ஐந்து வருடத்துக்கு மேல் வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் தயாரிப்பு மாதத்தை வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள், அந்தத் தாள் வியர்வையில் அழிந்துவிடும்.

மாற்றியபின் பழையதை அப்படியே குப்பையில் போடாதீர்கள். நம் தெருவில் யாராவது அதை எடுத்துத் துடைத்து மகனுக்குக் கொடுப்பார்கள். கத்தரிக்கோல் எடுத்து இரண்டு பட்டைகளையும் வெட்டிவிட்டுப் போடுங்கள்.